கேட்பதற்கு முன் கிளம்பிய லாரி

லாரி கிளம்பிய நேரம் காலை 5.48. அந்த லாரியைக் கேட்டுத் தொலைபேசி அழைப்பு வந்த நேரம் 6.02. இரண்டு எண்களும் வேறு வேறு பக்கங்களில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் என் பேனா நின்றது. யாரும் கேட்பதற்குப் பதினான்கு நிமிடங்கள் முன்பே தண்ணீர் புறப்பட்டிருந்தது.

ஒரு பதிவு தவறாக விழுந்திருக்கும் என்று கீழே போனேன். அதே மாதிரி இன்னொன்று இருந்தது. அடுத்த நாளில் நான்கு. மூன்று மாதப் பதிவுகளைப் பார்த்து முடித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு லாரி இப்படி அழைப்புக்கு முன்னால் கிளம்பியிருந்தது.

நான் புதிய நிறுவனங்களில் முதலீடு செய்கிறவள். அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் மென்பொருள் பொறியாளர். அதற்கும் முன், கல்லூரி முடித்த கையோடு, ஒரு செய்தித்தாளில் மூன்று ஆண்டுகள் உதவி ஆசிரியர். நான் கடைசியாக வேலை பார்த்த சிறிய நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியதில் ஊழியர்கள் கையிலிருந்த பங்குகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. செம்பாக்கத்தில் ஏரி தெரிகிற மாடியில் ஒரு வீடு வாங்கினேன். வேலையை விட்டேன். மீதியை வைத்து முதலீட்டாளர் ஆனேன்.

சொல்லும்போது பெரிதாகத் தெரிகிற வேலை. நடைமுறையில், சனிக்கிழமை காலைகளில் கிழக்குத் தாம்பரத்து ஓட்டல் ஒன்றின் மாடியில் எட்டுப் பேர் பொங்கல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். யாராவது ஒரு இளைஞர் மடிக்கணினியைத் திறந்து, தன் நிறுவனம் ஐந்து வருடத்தில் எங்கே இருக்கும் என்று காட்டுவார். எங்கள் குழுவுக்குத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்கு அடுத்தபடி அதிகம் பேசுகிறவர், சேலையூரில் சிமெண்டும் கம்பியும் விற்கிற வியாபாரி. அவர் குடும்பத்து வயல்கள் இருந்த இடத்தில் இப்போது நான்கு தெருக்கள் இருக்கின்றன. மற்றவர்கள் என்னைப் போல மென்பொருளிலிருந்து வந்தவர்கள். ஆளைப் பார்த்து எடைபோடுவது அவர்கள் வேலை. பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. வரைபடம் வேண்டாம், கூட்டுத்தொகை வேண்டாம், நிமிடத்துக்கு நிமிடம் விழுந்த மூலப் பதிவை அனுப்புங்கள் என்று கேட்பேன். அதில் ஒரு பிழையாவது கண்டுபிடிக்காமல் நான் வந்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இந்தப் பதிவுகளை அனுப்பியவர் ஊரப்பாக்கத்துக்காரர். முப்பது வயது. அம்மா, அப்பா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். மென்பொருள் சோதிக்கிற வேலையை விட்டுவிட்டு, மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி அனுப்புகிற செயலி ஒன்றைத் தொடங்கியிருந்தார். கேட்டு இருபது நிமிடத்தில் தண்ணீர் என்பது அவர் வாக்குறுதி. அந்தச் சாலையில் காலை நேரத்தில் வண்டி ஓட்டிய யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. தொலைபேசியில் அழைத்தேன்.

"லாரி கிளம்புற டைம் எப்படி விழுது?"

"டிரைவர் போன்லேர்ந்து தானா வரும் மேடம். லாரி நிக்கிற யார்டு கேட்டைத் தாண்டின உடனே."

"கஸ்டமர் கூப்பிடுற டைம்?"

"அதுவும் தானாத்தான். கால் வந்ததும் விழுந்துடும்."

"அப்போ கூப்பிடுறதுக்கு முன்னாடியே லாரி எப்படிப் போகும்?"

அவர் சிரித்தார். "அது அக்கா மேடம்."

"எந்த அக்கா?"

"எங்க யார்டு அக்கா. அவங்க அனுப்பிடுவாங்க."

"யாரும் கேக்காமலா?"

"கேப்பாங்கன்னு தெரியும், அனுப்பிடுவாங்க."

அந்தச் சிரிப்பை நான் மழுப்பல் என்று எடுத்துக்கொண்டேன். செய்தித்தாளில் இருந்த காலத்து ஆளாக இருந்தால் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டிருப்பேன்: அந்த அக்கா யார், எங்கே உட்காருகிறார், நான் வந்து பார்க்கலாமா. ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதில்லை என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் இருந்தது. லாரி உடனே கிளம்பியதாகக் காட்டுவதற்காக அந்த நேரத்தைச் சில நிமிடங்கள் முந்தியதாக மாற்றியிருக்கிறார்கள், மாற்றும்போது அழைப்பு நேரத்தைப் பார்க்க மறந்துவிட்டார்கள். இதே தந்திரத்தை வேறு இரண்டு இடங்களில் பிடித்திருக்கிறேன். குறிப்பில் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். "நேரப் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல. திருத்தப்பட்டிருக்கலாம்."

அந்தச் சனிக்கிழமை அவருடைய பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எங்களைப் போன்ற குழுக்கள் நகரத்தில் இன்னும் சில இருக்கின்றன. ஒருவர் குறிப்பை ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். ஒரே பள்ளத்தில் எல்லோரும் விழக்கூடாது என்பதற்காக. என் இரண்டு வாக்கியங்களும் அப்படிப் போயின. பத்து நாட்களுக்குள், அவரை வரச்சொல்லியிருந்த வேறொரு குழு சந்திப்பை ரத்து செய்தது. மூன்றாவது குழு பதிலே போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அவர் என் வீட்டு வாசலில் நின்றார். தேவாலயத்திலிருந்து நேராக வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் உறை போட்ட வேதாகமம். உட்காரச் சொன்னேன். ஏரியைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, ஏரியைப் பார்க்காமல் பேசினார்.

"பணம் கேட்டு வரலை மேடம். நீங்க குடுக்க வேணாம். அந்த வரி மட்டும்தான்."

"எந்த வரி?"

"திருத்தப்பட்டிருக்கலாம்னு எழுதினீங்களே. எனக்கு அதைக் காட்டினாங்க. இந்த மாசத்தோட என்கிட்ட இருக்கறது முடியுது. கம்பெனியை மூடிட்டு மறுபடி வேலை தேடலாம், அது பரவாயில்லை. ஆனா வேலை குடுக்கறவங்களும் இதே ஆளுங்கதானே மேடம்? டேட்டாவை மாத்தினவன்னு பேர் வந்துட்டா டெஸ்டிங்ல எவன் சேப்பான்?"

அவர் எழுந்துகொண்டார்.

"ஒரு நாள் காலையில யார்டுல வந்து உக்காருங்க. அப்புறமும் பொய்ன்னு தோணிச்சுன்னா அந்த வரி அப்படியே இருக்கட்டும்."

அவர் போன பிறகு என் பழைய நாட்களில் ஒன்று நினைவுக்கு வந்தது. செய்தித்தாளில் ஒரு முறை, கைதானவர்கள் பட்டியலில் புகார் கொடுத்தவரின் பெயரையும் சேர்த்து அச்சேற்றிவிட்டேன். மறுநாள் உள்பக்கத்தின் அடியில் நான்கு வரித் திருத்தம் வந்தது. அந்த மனிதர் இரண்டு நறுக்குகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்து வந்தார். சத்தம் போடவில்லை. "அதை மேல பெரிசாப் போட்டீங்க. இதை மட்டும் ஏம்மா இவ்ளோ கீழ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பதினாறு வருட மென்பொருள் வேலையில் இப்படி யாரும் என் மேசைக்கு வந்து கேட்டதில்லை. என் தவறுகளால் பாதிக்கப்பட்டவர்கள் வரமுடியாத தூரத்தில் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் யார்டில் இருந்தேன்.

வேங்கைவாசல் தாண்டி, மேடவாக்கத்துக்கு முன்னால், சாலையிலிருந்து உள்ளே ஒரு காலி மனை. இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகள். பதினோரு லாரிகள், அதில் நான்கு அந்த இடத்துச் சொந்தக்காரர்களுடையவை. ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண். ஈரத் தலையில் துண்டு, மடியில் இரண்டு கைப்பேசிகள். சுவரில் ஒரு காலண்டரும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும். பட்டியல் இல்லை, பலகை இல்லை, நோட்டுப் புத்தகம் இல்லை. நிலத்துக்காரர் வீட்டு மருமகள். இருபது வருடமாக அந்த நாற்காலி அவருடையது.

ஊரப்பாக்கத்துக்காரர் என்னை அறிமுகம் செய்தார். அக்கா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"நாங்க பொய் சொல்றோம்னு எழுதின மேடமா?"

"ஆமா."

"டீ குடிக்கிறீங்களா? இல்ல, அதையும் டெஸ்ட்டு பண்ணிட்டுத்தான் குடிப்பீங்களா?"

டீ வந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி நோட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.

5.31. அக்கா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய் ஆறாம் நம்பரு! சந்தோஷபுரம் பக்கம் வுடு. நீலக் கேட்டு ஃப்ளாட்டு." லாரி கிளம்பியது. ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பேசிகள் இரண்டும் மடியில் அமைதியாகக் கிடந்தன.

"யார் கேட்டாங்க?" என்றேன்.

"இன்னும் கேக்கல."

5.38. இன்னொரு லாரி, பள்ளிக்கரணைப் பக்கம். 5.41. மூன்றாவது. 5.44-க்குக் கைப்பேசி அடித்தது. அக்கா எடுத்தார். "சொல்லுங்கண்ணா… தெரியும், தெரியும்… லாரி வந்துகினே கீது. சம்ப்பு மூடியத் தொறந்து வைங்க." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீலக் கேட்டு."

நான் எழுதினேன். கிளம்பியது 5.31, அழைப்பு 5.44. என் கையெழுத்திலேயே அந்தப் பொய் விழுந்தது.

"இன்னா மேடம், எழுதிகினே கீறீங்க. நான் பாஸா பெயிலா?"

இடையில் லாரிகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு ஓட்டுநரும் இறங்கி, கொட்டகை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடுத்த லோடு ஏற்றப் போனார். ஒவ்வொருவரிடமும் அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"இன்னா சத்தம்?"

"டொம்மு டொம்முன்னுச்சுக்கா."

"எத்தினி நேரம்?"

"ஓஸ் பைப்ப வுட்டு, நான் பீடி பத்த வெச்சு பாதி இழுக்குற வரைக்கும்."

"சரி போ."

அடுத்தவர்: "சலசலன்னுதான்க்கா. இருக்குது உள்ள."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த லாரியில் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அக்கா சிரித்து, "ஏத்திகினு போடா, சீட்ட தொடச்சி வுடு" என்றார்.

லாரி மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நின்று நின்று நகர்ந்தது. ஓட்டுநர் பேசுகிற ஆள் இல்லை. ஒரு முறை மட்டும், "யார் கூப்பிட்டாங்கன்னு தெரியாம போறீங்களே" என்று கேட்டதற்கு, "அக்கா சொன்னா போய்கினே இருக்கணும் மேடம். நடுவுல கேட்டா பேஜாரு" என்றார். ஐந்து மாடிக் கட்டடம் இருந்த தெருவில் திரும்பும்போது அவர் கைப்பேசி அடித்தது. அக்கா. "கூப்டுட்டாங்க. உள்ள வுடு." வாசல் கதவைப் பாதுகாவலர் திறந்துகொண்டிருந்தார். அவர் கையில் கைப்பேசி இன்னும் இருந்தது.

ஓட்டுநர் ரப்பர் குழாயை, அக்கா சம்ப்பு என்று சொன்ன தரைத்தொட்டியின் வாய்க்குள் விட்டார். வால்வைத் திறந்தார். தண்ணீர் விழுந்தது. குனிந்து கேட்டேன். ஆழத்தில், வெறும் சிமெண்ட் தரையில் அடிபடுகிற, எதிரொலிக்கிற ஒரு சத்தம். டொம், டொம். தண்ணீர் தண்ணீரில் விழும் சத்தம் அதற்குள் இல்லை. ஓட்டுநர் பீடியைப் பற்றவைத்தார். பாதி பீடியில் சத்தம் மாறியது. கெட்டியாக, பிறகு சலசலவென்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்தத் தொட்டியில் நாங்கள் வரும்போது எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருந்தது என்பதை அந்தத் தலையாட்டல் தெரிந்துகொண்டுவிட்டது. திரும்பிப் போய் அவர் அதைச் சொல்வார். எத்தனை வீடுகள், எத்தனை நாளைக்கு ஒரு லோடு என்பது அக்காவுக்கு ஏற்கனவே தெரியும். அடுத்த முறை அந்தத் தொட்டி எப்போது வறளும் என்பது அங்கிருந்து ஒரு படிதான்.

யார்டுக்குத் திரும்பியதும் அக்காவிடம் கேட்டேன், சத்தம் மட்டும் போதுமா என்று.

"சத்தம் எப்டி போதும்? நேத்து நீலக் கேட்டு தெருவுல கரண்டு கட்டு. சாயங்காலம் வரைக்கும் இல்ல. ஜெனரேட்டர்ல மேல ஏத்துற மோட்டாருதான் ஓடும், போர்வெல்லு ஓடாது. அப்ப சம்ப்புல கீறதத்தான் இழுத்திருப்பான். அதுவும் ஞாயித்துக்கெழம, எல்லா வூட்டுலயும் துணி. காலைல காலியாவுமா ஆவாதா?"

"அந்த அஞ்சு மாடி?"

"அதுக்குக் கணக்கே தேவல. அந்த செக்யூரிட்டி மூடியத் தொறந்து பாக்கவே மாட்டான். கொழாயில காத்து வந்தாத்தான் போன் பண்ணுவான். அவன் கூப்புட்டு அப்பால நான் அனுப்பினா, கூட்டு ரோட்டுல லாரி நிக்கும். வேலைக்குப் போறவன் சோப்பு போட்டுகினு பாத்ரூம்ல நிப்பான்."

"அனுப்பின லாரிக்கு அழைப்பு வரலைன்னா?"

"அந்தப் பக்கத்துல எவனாவது கூப்புடுவான். எப்பவும் நாலஞ்சு ஃப்ளாட்டு கீற தெச பாத்துத்தான் வுடுவேன். இன்னைக்கு ஒண்ணு ஏமாத்திடுச்சு, பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். 6.05-க்குக் கிளம்பிய லாரி முக்கால் மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் நின்று, கடைசியில் வேறொரு தெருவுக்குப் போனது. என் நோட்டில் அதுவும் இருந்தது; நான் லாரியில் போன நேரத்தை அக்காவின் கைப்பேசிப் பட்டியலைப் பார்த்து நிரப்பியிருந்தேன். காலை ஏழு மணி வரை அழைப்புக்கு முன் அனுப்பியவை எட்டு. அழைப்பு வந்தவை ஏழு.

"எப்பவும் இப்படித்தானா?" என்றேன்.

"வருசம் பூரா இப்டித்தான். நடுவுல ரெண்டு நாளு காய்ச்சல்ல படுத்துட்டேன். நம்ம தம்பிதான் உக்காந்தாரு" என்று ஊரப்பாக்கத்துக்காரரைக் காட்டினார். "கேட்டுப் பாருங்க, இன்னா திட்டு வாங்கினாருன்னு."

அவர் தலையைச் சொறிந்தார். "ஃபோன் வந்தப்புறம்தான் மேடம் அனுப்பினேன். எனக்கு வேற எப்படித் தெரியும்? எல்லாத்துக்கும் ஒரு மணி நேரம் லேட். ஒருத்தர் லுங்கியோட யார்டுக்கே வந்துட்டார்."

எந்த இரண்டு நாட்கள் என்று கேட்டேன். சொன்னார். என் பையில் பதிவுகளின் அச்சுப் பிரதி இருந்தது. எடுத்துப் புரட்டினேன். அந்த இரண்டு தேதிகளுக்கும் பக்கத்தில், பச்சை மையில், என் கையால் ஒரு டிக். மூன்று மாதத்தில் எல்லா நேரங்களும் ஒழுங்காக இருந்த நாட்கள் அவை இரண்டுதான். ஓரத்தில் எழுதியிருந்தேன்: "இவை மட்டும் நம்பத்தக்கவை."

அந்தத் தாளை அவர்களிடம் காட்டினேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஊரப்பாக்கத்துக்காரர் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவுக்கு அவர் விளக்கிச் சொன்னார். அக்கா கொஞ்ச நேரம் பச்சை டிக்கைப் பார்த்தார்.

"நான் படுத்தாத்தான் உங்களுக்கு நம்பிக்க வருதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஓ.எம்.ஆரில் நான் வேலை பார்த்த காலத்தில், பதினோரு வருடங்கள் ஒரே மென்பொருளில் இருந்தேன். வெளிநாட்டில் பல ஊர்களில் கிடங்குகள் வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்காகச் செய்தது. எந்தப் பொருள் எந்த ஊரில் எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டிக் கணிக்க வேண்டும். நாற்பது பேர் அதில் உழைத்தோம். அந்தக் கணிப்பு சுமாராகவே வந்தது. அதைச் சுமார் என்று யாரும் வெளியில் சொன்னதில்லை.

அந்த மென்பொருளுக்குள் பழைய பதிவுகளை அனுப்பும் முன் அவற்றைச் சுத்தம் செய்கிற பகுதி ஒன்று உண்டு. அதை எழுதியது நான். அதில் ஒரு வரி: பொருள் புறப்பட்ட நேரம், அதைக் கேட்ட நேரத்துக்கு முந்தியதாக இருந்தால், அந்தப் பதிவை நீக்கு. எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சரிபார்த்தவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? காலம் முன்னோக்கித்தான் போகும். ஒவ்வொரு வாரமும் நீக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை ஒரு அறிக்கையில் வரும். நாங்கள் அதற்குக் குப்பை என்று பெயர் வைத்திருந்தோம். சில ஊர்களில் குப்பை அதிகமாக இருந்தது. அங்கே இருக்கிறவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று பேசிக்கொண்டோம்.

அந்த ஊர்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? எனக்குத் தெரியாது. இனி தெரியவும் வழியில்லை. கேட்பதற்கு முன்பே அனுப்பத் தெரிந்த ஒருவர் ஏதோ ஒரு கிடங்கின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அவர் செய்த நல்ல காரியங்களை மட்டும் தேடித் தேடி அழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துக் கணிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோமா? ஆட்டோ சேலையூரைத் தாண்டிவிட்டதை நான் கவனிக்கவில்லை. செம்பாக்கம் அதற்கு முன்னாலேயே போயிருந்தது. தாம்பரம் நிலையத்தில் இறங்கி, எதிர்த் திசையில் வேறு ஆட்டோ பிடித்தேன்.

சனிக்கிழமை ஓட்டல் மாடியில் பொங்கல் வருவதற்கு முன்பே எழுந்து நின்றேன். வழக்கமாகக் குறிப்புகளை உட்கார்ந்துதான் படிப்போம். எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்.

"திருத்தம். மேடவாக்கம் தண்ணீர் லாரி நிறுவனத்தின் நேரப் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல என்றும் திருத்தப்பட்டிருக்கலாம் என்றும் எழுதியிருந்தேன். இரண்டும் தவறு. பதிவுகள் சரியானவை. நான் நேரில் போய்ப் பார்க்காமல் எழுதினேன். லாரிகள் அழைப்புக்கு முன்பே கிளம்புகின்றன. எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்."

கீழே இரண்டு பக்கங்கள் இருந்தன. முதல் குறிப்பு போன எல்லா இடங்களுக்கும் அதே தலைப்பில், பட்டியலின் உச்சியில் வரும்படி அன்று காலையே அனுப்பியிருந்தேன்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த அஞ்சு வருஷத்துல இங்க ஒருத்தர் தப்புன்னு எழுந்து நின்னு நான் பார்த்ததில்லையேம்மா" என்றார். பிறகு, "அந்த டொம் டொம் மேட்டரை இன்னொரு வாட்டி படிங்க" என்றார். படித்தேன். மற்ற ஏழு பேரும் கேட்டார்கள். பொங்கல் வந்து ஆறியது.

சிமெண்ட் வியாபாரிதான் முதலில் வாயைத் திறந்தார். "கதை நல்லாருக்கு. ஆனா எல்லாமே அந்தம்மா தலைக்குள்ளதான கீது? நாம இன்னாத்த வாங்குறோம்? அந்தம்மா நாளைக்கு உக்கார மாட்டேன்னா?"

அன்று நான் ஊரப்பாக்கத்துக்காரரையும் வரச்சொல்லியிருந்தேன். கடைசி நாற்காலியில் இருந்தவர் எழுந்தார். "செயலிக்கு அவங்ககிட்டேர்ந்து கத்துக்குடுத்துட்டு இருக்கேன் சார். டிரைவர் திரும்பி வந்ததும் சத்தத்தைச் சொல்லிப் பதிவு பண்றாங்க. மூணு மாசமாச்சு."

"கத்துகிச்சா?"

"அக்கா அளவுக்கு இல்லை சார். சந்தோஷபுரம் மட்டும் கொஞ்சம் வருது."

"எத்தினி வருசத்துல வரும்?"

"தெரியலை சார்."

ஐந்து வருடத்தில் எங்கே இருப்போம் என்று தெரியாது என்று அந்த மாடியில் ஒரு நிறுவனர் சொன்னது அதுதான் முதல் தடவை. வியாபாரி என்னைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். "தெரியலன்றான்யா. இவனப் போயி டேட்டாவ மாத்தினான்னு எழுதிட்டீங்களே மேடம்" என்றார்.

அன்று முடிவாகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பேசினார்கள். இரண்டு பேர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆறு பேர் சேர்ந்து முதலீடு செய்தோம். நான் வைத்த நிபந்தனை, அக்காவும் நிறுவனத்தில் பங்குதாரராக வேண்டும் என்பது. அதைச் சொல்ல நானே யார்டுக்குப் போனேன். ஊரப்பாக்கத்துக்காரர் பங்கு என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்கினார். அக்கா கேட்டுவிட்டு, "குடுங்க, நல்லதுதான். ஆனா போன் வர்ற வரைக்கும் லாரிய புடிச்சி வெய்யின்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது. அதயும் எழுதிக்கங்க" என்றார். எழுதிக்கொண்டோம். ஒப்பந்தத்தில் அது தனிப் பிரிவாகவே இருக்கிறது.

சந்திப்பை ரத்து செய்திருந்த குழு அவரை மறுபடி கூப்பிட்டது. பதில் போடாத மூன்றாவது குழு கடைசி வரை போடவில்லை. என் முதல் குறிப்பு அங்கே இன்னும் யாருடைய பெட்டியிலாவது கிடக்கக்கூடும். திருத்தம் அதற்கு மேலே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

மாதம் ஒரு முறை பதிவுகள் எனக்கு வருகின்றன. இப்போதும் நிமிடத்துக்கு நிமிடம் படிக்கிறேன். முன்பு இல்லாத ஒரு எண் பத்தி அதில் சேர்ந்திருக்கிறது. அழைப்புக்கும் லாரி கிளம்பியதற்கும் இடைப்பட்ட நிமிடங்கள் அதில் விழும். ஊரப்பாக்கத்துக்காரர் அந்தப் பத்திக்கு "அக்கா" என்று தலைப்பு வைத்திருக்கிறார். அதில் இருக்கிற எண்களில் பலவற்றுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கிறது; அழைப்புக்கு முன்பே கிளம்பிய லாரிகள் அவை. போன மாதம் சந்தோஷபுரத்து வரிசையில், அக்கா சொல்லாமல் செயலியே அனுப்பிய லாரி ஒன்றுக்கும் அந்தக் குறி விழுந்திருந்தது. மூன்று நிமிடம். பச்சை மையில் டிக் போட்டேன்.